உப்பு மட்டும் போட்டால் போதாது: உப்புக் குளோரீன் தடாகத்தில் நாம் விடும் பிழைகள்

"இது உப்புத் தண்ணி நீச்சல் தடாகம், குளோரீன் தேவையில்லை." பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ விடுதி நடத்துகிறவர் இப்படிச் சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடும். உப்பு கிருமியைக் கொல்வதில்லை. குளோரீன் இயந்திரத்தில் 'செல்' என்றொரு பகுதி இருக்கிறது. அதன் தகடுகளில் மின்சாரம் பாயும்போது அந்த உப்பிலிருந்து குளோரீன் உண்டாகிறது. தண்ணீரைக் காப்பது அதுதான். பம்ப் நின்றால் செல்லும் நின்றுவிடும். கரண்ட் செலவைப் பார்த்து இரண்டு மணித்தியாலம் மட்டும் ஓடவிடுகிற தடாகம், நம் ஊர் வெயிலில் பச்சையாகாமல் என்ன செய்யும்?

ஆனால் நான் அதிகம் காண்கிற பிழை, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பீ.எச். ஐக் கவனிக்காமல் விடுவது. செல் ஓடும்போது ஐதரசன் குமிழிகள் எழும். அவை தண்ணீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டையும் வெளியே கொண்டுபோய்விடும். அதனால் பீ.எச். தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். 7.5 இல் குளோரீனில் ஏறக்குறையப் பாதி கிருமியைக் கொல்லும் வலுவோடு இருக்கும். 8 ஐத் தொட்டால் அது கால்வாசிக்கு இறங்கிவிடும். சோதித்துப் பார்த்தால் குளோரீன் 3 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கில் மூன்று பங்கு) என்று சரியாகத்தான் காட்டும், தண்ணீரோ கலங்கிக் கிடக்கும். உடனே செல்லை நூறு வீதத்துக்கு ஏற்றுவார்கள். பீ.எச். இன்னும் ஏறும். கிழமைக்கு இரண்டு தரமாவது சோதித்து, 7.2 க்கும் 7.6 க்கும் இடையில் பிடித்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

காரத்தன்மை (தண்ணீரில் கரைந்திருக்கும் பைகாபனேற்றின் அளவு) குறைவு என்று அப்பச்சோடாவை அள்ளிக் கொட்டுவதும் இதே வினையைத்தான் கூட்டும். மற்றத் தடாகங்களுக்குச் சொல்லும் 100, 120 பிபிஎம் இங்கே வேண்டாம். 60 முதல் 80 வரை இருந்தால் பீ.எச். மெதுவாக ஏறும். பீ.எச். ஐ இறக்க அசிட் ஊற்றும்போது, வாளித் தண்ணீருக்குள் அசிட்டை ஊற்றுங்கள். அசிட்டுக்குள் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அசிட்டையும் குளோரீன் தூளையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது நச்சுவாயு.

உப்பு விடயம் சுலபம். பெரும்பாலான இயந்திரங்களுக்கு 3,000 முதல் 4,000 பிபிஎம் போதும். கடல் நீரில் இருப்பது ஏறக்குறைய 35,000. 50,000 லீற்றர் தடாகத்தில் 1,000 பிபிஎம் கூட்ட 50 கிலோ உப்பு வேண்டும். ஆனால் கரையோரக் கிணறுகள் பல உவர். முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் மூட்டையைப் பிரியுங்கள். அயடீன் சேர்த்த சமையல் உப்பு வேண்டாம். போட்ட உப்பு முழுதாகக் கரையும் வரை, ஒரு நாளாவது, செல்லை நிறுத்தி வைத்துப் பம்பை மட்டும் ஓடவிடுங்கள்.

வெயிலுக்குக் காப்பாக சயனூரிக் அமிலம் வேண்டும். அது இல்லாவிட்டால் உச்சி வெயில் இரண்டு மூன்று மணித்தியாலத்திலேயே குளோரீனில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 60 முதல் 80 பிபிஎம் நல்லது. இடைக்கிடை போடுகிற குளோரீன் வில்லைகள் பலவற்றிலும் இதே அமிலம் இருக்கிறது. அளவு மீறினால், கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதிது விடுவதுதான் வழி.

கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் தண்ணீர் ஆவியாகும், கல்சியம் ஆவியாகாது. கிணற்று நீரை விட விட அது சேர்ந்து, செல் தகடுகளில் வெள்ளையாகப் படியும். அதை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் தகட்டின் மேற்பூச்சு போய்விடும், செல்லின் ஆயுளும் அதோடு போகும். நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அசிட் கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் போதும்.

மாரியில் கதை தலைகீழ். சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள தடாகத்தில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்து நிரம்பி வழிந்தால், பதினைந்தில் ஒரு பங்கு உப்பு போய்விடும். சயனூரிக் அமிலமும் கல்சியமும் அதே அளவில் போகும். இயந்திரம் உப்புக் குறைவை மட்டுந்தான் காட்டும் என்பதால் மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறோம். தண்ணீர் கெட்டுவிட்டது, முழுதாக மாற்றுவோம் என்று அந்த நாட்களில் தடாகத்தை இறைத்து வெறுமையாக்கவும் வேண்டாம். நம் மணல் தரையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் காலம் அது. வெறுந்தடாகத்தை அது கீழிருந்து தூக்கி வெடிக்கச் செய்துவிடும்.