வீல் நட் டார்க்: எண் சரி, பிடிப்பு தவறு

வீல் நட்டை முறுக்கும்போது, அது ஏறும் திருகுச் சுற்றுள்ள (மரை) தண்டான ஸ்டட் இம்மியளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் ரப்பரைப் போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் வீலை ஹப்போடு, அதாவது வீல் பொருந்தும் சுழல் பாகத்தோடு, அழுத்திப் பிடிக்கிறது. டார்க் ரெஞ்ச் இந்தப் பிடிப்பை அளப்பதில்லை, நட்டைத் திருப்ப எவ்வளவு முறுக்கு விசை (டார்க்) வேண்டியிருந்தது என்பதை மட்டுமே அளக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட் உட்காரும் இடத்திலும் உராய்வுக்கே செலவாகிவிடும். மிச்சம்தான் ஸ்டட்டை இழுக்கிறது. உராய்வு மாறினால், ரெஞ்ச் நாம் வைத்த அதே எண்ணை எட்டி 'க்ளிக்' அடித்தாலும் பிடிப்பு வேறாகிவிடும்.

எண்ணைத் தேடும்போது

'எல்லா காருக்கும் நூறு வைத்தால் போதும்' என்பது பரவலாகக் கேட்கும் பேச்சு. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டட் கொண்ட கார்களில் பலவற்றுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் என்பது உண்மைதான். பல டொயோட்டா மாடல்களுக்கு 103, பல ஹோண்டா மாடல்களுக்கு 108. ஆனால் 14 மில்லிமீட்டர் ஸ்டட் வந்துவிட்டால் 140, சில பெரிய வண்டிகளில் 200க்கு மேல்கூடப் போகும். ஒரே மாடலிலேயே வருடம் மாறினால் எண் மாறலாம். ஆகவே உங்கள் வண்டியின் கையேட்டில் வீல் மாற்றும் பகுதியையோ தொழில்நுட்ப விவரப் பக்கத்தையோ பாருங்கள். வெளியில் வாங்கிய அலாய் வீல் என்றால் வீல் தயாரிப்பாளர் என்ன சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அளவு குழம்புவது அடுத்த தவறு. 80 பவுண்ட்-அடி என்பது 108 நியூட்டன் மீட்டர். அந்த 80ஐ நியூட்டன் மீட்டர் கோட்டில் வைத்து முறுக்கினால் தேவையில் கால் பங்கு குறைந்துவிடும். மாறாக, 108ஐப் பவுண்ட்-அடிக் கோட்டில் வைத்தால் 146 நியூட்டன் மீட்டர் ஏறிவிடும். பவுண்ட்-அடியை 1.356ஆல் பெருக்குங்கள். கையேட்டில் கிலோகிராம் விசை-மீட்டர் இருந்தால் 9.8ஆல் பெருக்குங்கள்.

எண்ணெய், துரு, பொருந்தாத நட்

மரைக்கு எண்ணெயோ கிரீஸோ போடுவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், காய்ந்த மரைக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கில் சுமார் 42 கிலோ நியூட்டன் இழுவிசை வரும். எண்ணெய் பட்ட மரையில் அதே 100க்கு 55ஐத் தாண்டலாம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை! அந்தச் சுமையில் ஸ்டட் நிரந்தரமாக நீண்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது, பிறகு பிடிப்பும் நிற்காது. கையேடு எண்ணெய் போடச் சொன்னால் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும்.

ஹப் முகத்தில் இருக்கும் துருவும் வீலின் பின்பக்கத்தில் அடித்த பெயிண்டும் இன்னும் மோசம், ஏனென்றால் அவை உடனே தெரிவதில்லை. ஸ்டட் நீள்வதே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இடையில் சிக்கிய துரு சில கிலோமீட்டர் ஓட்டத்தில் நசுங்கினாலே அந்த நீட்சியில் பெரும்பங்கு காணாமல் போய்விடும். நட் தானாகக் கழன்றது என்று சொல்லப்படுவதில் பலவும் இப்படி நடப்பதுதான்.

நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது வீலின் குழியோடு பொருந்த வேண்டும். கூம்பு நட்டை உருண்டைக் குழியில் போட்டால் மெல்லிய வளையமாக மட்டுமே தொடும். ரெஞ்ச் 'சரி' என்று சொல்லும், ஆனால் வீல் ஆடத் தொடங்கும். ஸ்டெப்னிக்கு எந்த நட் என்பதையும் இப்போதே கையேட்டில் பார்த்து வைத்துவிடுங்கள்.

முறுக்கும்போது

எல்லா நட்டையும் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறாத நட் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், அதை ஸ்பேனர் போட்டு வற்புறுத்தினால் மரை அழிந்துவிடும். மரைச் சுற்றுகளுக்கு இடையே 1.5 மில்லிமீட்டர் உள்ள 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் குறைந்தது 8 முழுச் சுற்றாவது ஏற வேண்டும். வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே நட்சத்திர வரிசையில், அதாவது பக்கத்து நட்டை விட்டு எதிர்ப்புற நட்டுக்குத் தாவி, பாதி டார்க் வரை கொண்டு வாருங்கள். பிறகு டயர் சுழலாத அளவுக்குத் தரையில் பதியும்படி இறக்கி, அதே வரிசையில் முழு டார்க் கொடுங்கள். ஒரே மூச்சில் ஒரு நட்டை முழுதாக இறுக்கினால் வீல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும்.

இம்பாக்ட் கன்னால் (நட்டை அடித்து முறுக்கும் இயந்திரக் கருவி) இறுக்கிவிட்டு, அதன்மேல் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்ப்பது சரிபார்ப்பே அல்ல. 'க்ளிக்' என்பது டார்க் வைத்த எண்ணுக்குக் குறையவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. 250 நியூட்டன் மீட்டரில் இறுகிக் கிடக்கும் நட்டிலும் 110க்கு வைத்த ரெஞ்ச் உடனே 'க்ளிக்' அடிக்கும். சீரில்லாமல் அதிகமாக இறுகிய நட்டுகள் பிரேக் டிஸ்க்கையே லேசாகக் கோணலாக்கி, பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங்கை உதற வைக்கலாம். கன்னால் இறுக்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி மீண்டும் முறுக்குவதே வழி.

ரெஞ்சில் முதல் 'க்ளிக்'கோடு நிறுத்துங்கள். இன்னும் ஒருமுறை என்று அழுத்தினால் எண்ணைத் தாண்டிவிடும். கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக இழுங்கள். நட்டைக் கழற்ற அந்த ரெஞ்சைப் பயன்படுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் அளவை அதன் மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வையுங்கள்.

வழியில் ரெஞ்ச் இல்லையா? 25 சென்டிமீட்டர் வீல் ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ அளவுக்கு அழுத்தினால் சுமார் 98 நியூட்டன் மீட்டர் வரும். 70 கிலோ உள்ளவர் அதன்மேல் ஏறி நின்றால் 170ஐத் தொட்டுவிடும். ஆகவே கையால் மட்டும் அழுத்துங்கள், முடிந்த சீக்கிரம் ரெஞ்சால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீல் மாற்றிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள், வீல் ஆறியிருக்கும்போது, தளர்த்தாமல் அதே எண்ணில் மறுபடி பாருங்கள். ஒரு நட் சற்றே திரும்பினால் மேற்பரப்பு படிந்திருக்கிறது, அது இயல்பு. அடுத்த முறையும் அதே நட் திரும்பினாலோ, 'க்ளிக்' வராமல் சுற்றிக்கொண்டே போனாலோ மேலும் முறுக்க வேண்டாம். வீலைக் கழற்றி ஸ்டட்டையும் குழியையும் பாருங்கள். ஸ்டட் உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதாது, இருபுறமும் உள்ளவை அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கியிருக்கும். அவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.