அலையாத்திக் காட்டில் பனிப் படம்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன தை மாதம் ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு அலையாத்திக் காட்டில் விடியுமுன் படகுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் கேமராவோடு இரண்டு தம்பிகள். ஒருவர் லென்ஸின் முன்கண்ணாடியைச் சட்டை நுனியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க மங்கியது. "ராத்திரி ஏசி ரூமிலா தங்கினீங்க தம்பி?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். பல வருடங்களுக்கு முன்னால் நானும் அதே தவறைச் செய்திருக்கிறேன். பேட்டரி, மெமரி கார்டு சங்கதியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

ஏசி அறையிலிருந்து நேராகக் கரைக்கு

இதுதான் என்னை இன்னமும் கோபப்படுத்தும் தவறு. கொடைக்கானல் பனிக்குப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவதும் இதில்தான். பாக் விரிகுடாக் கரையில் மார்கழி, தை விடியலில்கூட உடம்புக்குத்தான் குளிர்ச்சி, காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். அறையில் ஏசியை 20 டிகிரியில் வைத்துத் தூங்கினால் கேமராவும் அந்தக் குளிருக்கு இறங்கிவிடும். வெளியே 23 டிகிரிதான் இருந்தாலும், அந்த ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் நீராகப் படியும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்க்கிறதே, அதேதான்.

நான் அந்தத் தவறைச் செய்த அன்று, லென்ஸில் படிந்த மங்கலைக் காட்டுப் பனி என்றே நினைத்தேன். திரையில் எல்லாம் மென்மையாக, அழகாகத் தெரிந்தது. வெண்கண்டல் மரங்களை நூற்றுக்கும் மேல் எடுத்தேன். வீட்டில் கணினியில் திறந்தால் ஒன்றில்கூட ஒரு கிளை, ஒரு இலை கூர்மையாக இல்லை. அன்று கிடைத்த பனி மாதிரி அடுத்த இரண்டு வருடம் எனக்கு அமையவில்லை.

படம் போனதோடு முடியவில்லை. பாதியில் லென்ஸை வேறு மாற்றினேன். ஈரக்காற்று உள்ளே போனது. அப்படியே பையில் போட்டு மூடி, மூன்று வாரம் திறக்கவில்லை. பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை. பிரித்துச் சுத்தம் செய்ய 4,500 ரூபாய் ஆனது. கண்ணாடிமேல் பூசியிருந்த கோட்டிங் போன தடம் இன்னும் இருக்கிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இரவே ஏசியை அணைத்துவிடுங்கள். முடியாதென்றால், கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் மூடி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளித் திண்ணையில் வையுங்கள். நீர் கவரின் மேல் படியட்டும். உள்ளே கேமரா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். அதையும் மீறி மங்கினால் துடைக்காதீர்கள். கடற்கரையில் கண்ணாடிமேல் உப்பும் மணற்பொடியும் இருக்கும், சட்டைத்துணி அதை வைத்தே கீறிவிடும். முதலில் ஊதுபம்பு, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. வீட்டுக்கு வந்ததும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள்.

அந்தத் தம்பியிடம் படகு வரும்வரை கேமராவைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னேன். அரை மணியில் தானாகத் தெளிந்தது.

மீட்டரை அப்படியே நம்புவது

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெண்பனி அதற்கு அதிக வெளிச்சம். அதனால் படம் புகை பிடித்த சுவர் போல வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விழும் வெளிச்சத்தை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). திரையில் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் போதும்.

ஃபிளாஷ்

வேண்டாம். பனித்துளிகள்தான் வெள்ளைப் புள்ளியாக விழும்.

வெறும் பனியை எடுப்பது

பனி தூரத்தை மட்டும்தான் வெளிறச் செய்யும். கிட்டத்தில் கறுப்பாக ஒரு மரம் நின்றால்தான் பின்னால் உள்ள மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால் அந்த மரத்தின் விளிம்பில் குறி வையுங்கள்.

வாடைக்காற்று அடித்த ராத்திரிக்குப் பிறகு வருவது

வராதீர்கள். காற்று அசையாத, வானம் தெளிந்த இரவுக்குப் பிறகுதான் இங்கே பனி தங்கும். வெயில் ஏறினால் சீக்கிரமே கலைந்துவிடும், அதனால் இருட்டோடு வந்து நில்லுங்கள்.

மூச்சுவேரை மிதிப்பது

சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டு நிற்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றில் காற்று இல்லாததால் மரத்தின் வேர்கள் அவை வழியாகத்தான் சுவாசிக்கின்றன. ட்ரைபாடை அங்கே ஊன்றினால் அவை முறியும், காலும் புதையும். படகிலிருந்தே எடுங்கள், படகு ஆடும் என்பதால் ஷட்டர் வேகத்தை மட்டும் கூட்டி வையுங்கள்.