மிக்ஸி நாப் உடைஞ்சா வீட்டிலேயே த்ரீடி பிரின்ட் போடலாம்

மிக்ஸி நாப் உடைந்துபோய், கட்டிங் பிளேயரால் திருகிக்கொண்டே சட்னி அரைக்கும் வீடுகள் தண்டையார்பேட்டை பக்கம் எனக்குத் தெரிந்தே சில உண்டு. அந்த மாடல் பழசு, நாப் தனியாகக் கிடைக்காது என்று கடையில் கையை விரித்துவிடுவார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் சின்ன த்ரீடி பிரின்டர் ஒன்று கைவசம் இருந்தால், உங்களுடையதோ நண்பருடையதோ, நாமே செய்துவிடலாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மில்லிமீட்டரின் பின்னம்வரை அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரால், நாப் மாட்டும் தண்டை அளங்கள். பாரிமுனை டூல்ஸ் கடைகளில் டிஜிட்டலிலேயே கிடைக்கும், ஸ்கேல் வைத்து அளப்பது வீண் வேலை. தண்டின் ஒரு பக்கம் பெரும்பாலும் தட்டையாகச் சீவியிருக்கும், அதனால் முழு விட்டம் ஒன்று, சீவிய இடத்துக் கனம் ஒன்று, தண்டின் நீளம் ஒன்று என மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாப்பைக் கம்ப்யூட்டரில் வரைவதற்கு டிங்கர்கேட் என்ற டிசைன் மென்பொருள் போதும், இலவசம், பிரவுசரிலேயே ஓடும். தண்டு நுழையும் ஓட்டையை மட்டும் அளவைவிட 0.2 மில்லிமீட்டர் பெரிதாக வையுங்கள், ஏனென்றால் உருகி விழும் பிளாஸ்டிக் எப்போதும் ஓட்டையைக் கொஞ்சம் சுருக்கிவிடும். நேரே முழு நாப்பையும் போடாமல், அந்த ஓட்டை மட்டும் உள்ள 3 மில்லிமீட்டர் உயர வளையம் ஒன்றை பிரின்ட் அடித்து மாட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் இன்னொரு 0.1 கூட்டுங்கள். சரியான அளவில் அது டக்கென்று போய் உட்காரும் பாருங்கள், அந்த சுகத்துக்காகவே இன்னும் நாலு பொருளை உடைக்கலாமா என்று தோன்றும்.

அப்புறம் முழு நாப். ஓட்டை செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். படுக்கவைத்து அடித்தால் திருகும்போது லேயர் லேயராகப் பிளந்துவிடும். ஸ்லைசரில், அதாவது வரைந்ததை லேயர்களாக வெட்டி பிரின்டருக்குத் தரும் மென்பொருளில், இன்ஃபில் எனும் உள்நிரப்பை ஏற்றுவதைவிட, சுவரை நாலு சுற்றாக்குவதுதான் பலம்.

காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலை ஒட்டிய இடமென்றால் பிரின்டருக்குப் போடும் பிளாஸ்டிக் கம்பியான ஃபிலமென்ட் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் உருகி வெளிவரும் நாசிலில் படபடவென்று பொரிகிற சத்தமும், அடித்த பொருளில் முடி முடியாக இழைகளும் வந்தால் அதுதான் காரணம். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

மிக்ஸிக்கு பிஎல்ஏ என்ற வகை ஃபிலமென்ட் போதும். ஆனால் அது 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும், அதனால் கேஸ் அடுப்பு நாப்பை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், அதற்குக் கடைச் சாமான்தான்.

ஃபைலை மிக்ஸி மாடல் பெயரோடு சேமித்து வையுங்கள். எதிர்வீட்டு அக்காவிடமும் அதே மிக்ஸி இருக்கலாம்.