பிலடெல்பியா துப்பாக்கிச் சூட்டுச் செய்திகள்: வாசிக்கும்போதும் பகிரும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை பிலடெல்பியாவில் படிக்கிறான் என்றால், அங்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்த ராத்திரி வீட்டில் யாரும் தூங்குவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் "அந்த ஊரே அப்படித்தான்" என்று எழுதிவிடுவார். முதல் தவறு அதுதான்.

அந்த ஊர் ஒரே மாதிரி இல்லை. கென்சிங்டனும் ஃபிஷ்டவுனும் அக்கம்பக்கத்துப் பேட்டைகள். ஃபிஷ்டவுனில் புது அடுக்குமாடிகளும் காபிக் கடைகளும் எழும்ப, கென்சிங்டனில் நடைபாதையிலேயே போதை ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஃபிஷ்டவுனின் பளபளப்பைப் பார்த்து ஊர் தேறிவிட்டது என்பதும் தப்பு, கென்சிங்டன் வீடியோவைப் பார்த்து ஊர் நாசமாகிவிட்டது என்பதும் தப்பு.

பழைய எண்ணைக் கட்டிக்கொண்டு அழுவது இன்னொன்று. 2021-ல் அங்கே 562 கொலைகள். நகர வரலாற்றிலேயே அதிகம். 2024-ல் அது 269 ஆனது, பாதிக்கும் கீழ். ஆனால் இன்றும் பலர் பகிர்வது 562-ஐத்தான். குறைந்ததற்கு மேயரோ காவல்துறையோ மட்டுமே காரணம் என்று மாலை போடவும் வேண்டாம். அதே காலத்தில் அமெரிக்காவின் பெரும்பாலான பெருநகரங்களில் கொலைகள் குறைந்தன. இன்னொன்று, கொலைக் கணக்கில் காயம்பட்டவர்கள் வருவதில்லை. 2021-ல் சுடப்பட்டவர்கள் 2,300-க்கும் மேல். பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள், சிலர் சக்கர நாற்காலியோடு.

முதல் நாள் காவல்துறை சொல்வதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் தவறு. 2023 ஜூலை 3 அன்று கிங்செஸ்ஸிங் பகுதியில் ஒருவன் தெருவில் கண்டவரையெல்லாம் சுட்டான். இறந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் வீட்டுக்குள் கிடந்தார். கடைசியாகக் கொல்லப்பட்டவர் அவர்தான் என்றது போலீஸ். பிறகுதான் தெரிந்தது, அவர் ஏறத்தாழ இரண்டு நாள் முன்பே கொல்லப்பட்டிருந்தார். ஜூலை 2 விடியற்காலையிலேயே 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு போயிருக்கிறது. சம்பவம் நடந்த தெற்கு 56-ஆம் தெருவுக்குப் பதில் வடக்கு 56-ஆம் தெருவுக்குப் போலீசை அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் செய்தியோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.

துப்பாக்கிதான் பேட்டையைச் சீரழித்தது என்பார்கள். வரிசை பெரும்பாலும் நேர்மாறு. 1950-ல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2000-ல் சுமார் 15 லட்சம். கென்சிங்டனின் நெசவாலைகளும் கம்பள ஆலைகளும் மூடின, வேலை போனது, வீடுகள் காலியாகி இடிந்தன. போதைச் சந்தை அதற்குப் பிறகு வேரூன்றியது.

நகரெங்கும் அப்படி வெறுமையாகக் கிடந்த மனைகளை வைத்தே ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018-ல் வெளியானது. 541 மனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் குப்பையை அள்ளி, மண்ணைச் சமன்செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை அகற்றி, முடிந்த இடத்தில் புல்லை வெட்டியதோடு நிறுத்தினார்கள், மீதியை அப்படியே விட்டார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில், கைவைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. இடுப்பளவு வேலிக்கு இவ்வளவு சக்தியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் புதர் மண்டிய மனையில்தான் துப்பாக்கியை ஒளித்துவைக்க வசதி. தொலைக்காட்சிச் செய்தியில் வருவது மஞ்சள் நாடாவும் போலீஸ் காரின் விளக்கும்தான். பக்கத்து மனை எத்தனை வருடமாக அப்படிக் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பகிர்வதற்கு முன் இன்னொன்று பாருங்கள். பிலடெல்பியாவில் சுடப்பட்டுப் பிழைத்தவர்களிடம் ஆய்வாளர்கள் பேசியபோது, செய்தியில் தங்களைப் புண்படுத்தியவை என்று அவர்கள் சொன்னதில் ரத்தக் காட்சிகளும் தப்பான தகவல்களும் இருந்தன. எந்த மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று வெளியிட்டதும் இருந்தது. சுட்டவன் பிடிபடாத நிலையில் அது அவனுக்கு முகவரி கொடுப்பது. அப்படிப்பட்ட வரி இருந்தால் அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தும் அனுப்பாதீர்கள். நிலவரம் வேண்டுமென்றால் சுடப்பட்டவர்கள் பற்றிய தரவை நகர நிர்வாகமே இணையத்தில் போடுகிறது. பிள்ளை இருக்கும் தெருவையும் மூன்று நான்கு வருடக் கணக்கையும் அதில் நேரடியாகப் பார்த்துவிடலாம்.