வாரண்டில இருக்கற லாரிய டீலர் ஒர்க்‌ஷாப்ல விடும்போது கவனிக்க வேண்டியது

2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகை கட்டுப்பாட்டு விதி வந்ததுல இருந்து லாரி வச்சிருக்கவங்க பொழப்பே மாறிடுச்சு. முன்னாடி பம்ப்பு, நாசில்னா நாமக்கல்லயோ சங்ககிரிலயோ தெரிஞ்ச மெக்கானிக் கழட்டி மாட்டி அனுப்பிடுவாரு, இப்ப நாக்ஸ் சென்சார் (புகைல நைட்ரஜன் ஆக்சைடு அளக்கறது), யூரியா பம்ப், டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்) எல்லாத்தையும் ஈசியூங்கற இன்ஜின் கம்ப்யூட்டர்ல கோர்த்து வச்சிருக்காங்க, லேப்டாப் மாட்டாம ஒண்ணும் சொல்ல முடியாது. வாரண்டி முடியற வரைக்கும் டீலர் ஒர்க்‌ஷாப்தான் கதி, அதனால அங்க எப்படி நடந்துக்கணும்னு தெரிஞ்சு வச்சிக்கங்க.

வண்டி எடுத்த அன்னைக்கே வாரண்டி புக்க ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க. ஷோரூம்ல சொல்ற பெரிய வருஷக் கணக்கு பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் உள்பாகத்துக்குத்தான், சென்சார், ஒயரிங் மாதிரி சமாச்சாரத்துக்கு கம்மியாத்தான் இருக்கும். வருஷம், கிலோமீட்டர் ரெண்டுல எது முந்துதோ அதோட முடிஞ்சுது. நாமக்கல்-குவஹாத்தி லைன் ஓடுற வண்டிக்கு கிலோமீட்டர்தான் முந்தும். ஃபில்டர், பெல்ட், கிளட்ச் பிளேட், பிரேக் லைனர் எல்லாம் தேய்மானக் கணக்கு, அதுக்கு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

இப்ப முக்கியமான விஷயம், ஜாப் கார்டு, அதாவது வண்டிய விடும்போது கம்ப்ளைன்ட்ட ஏத்தற சீட்டு. டிரைவர் போய் "சார் தொப்பூர் ஏத்தத்துல வண்டி இழுக்கவே மாட்டேங்குது, செக் லைட் எரியுது" ன்னு சொல்லுவாரு, வண்டிய வாங்கிக்கற சர்வீஸ் அட்வைசர் தலைய ஆட்டிட்டு கம்ப்யூட்டர்ல "ஜெனரல் செக்கப்" ன்னு அடிச்சிட்டு கையெழுத்து வாங்கிடுவாரு. அவருக்கு பின்னாடி பத்து வண்டி நிக்குது, அவரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா இதே கம்ப்ளைன்ட்டுக்கு மூணாவது தடவை போகும்போது கம்பெனி சிஸ்டத்துல பாத்தா அப்படி ஒரு கம்ப்ளைன்ட்டே இருக்காது, அதுக்குள்ள வாரண்டியும் முடிஞ்சிருந்தா "இது இப்ப வந்த ப்ராப்ளம் சார்" ன்னு கை விரிச்சிடுவாங்க. அதனால டிரைவர் சொன்னது சொன்னபடி ஏறணும். எத்தனை டன் லோடு, எந்த கியர், இன்ஜின் சூடானதும் வருதா காலைல ஸ்டார்ட் பண்ணும்போதே வருதா, கிலோமீட்டர் எவ்ளோ, எல்லாம். ஸ்கேன் பண்ணதும் ஸ்கிரீன்ல வர்ற கோளாறு கோடு (code) நம்பர போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க டிரைவர்கிட்ட. பி20இஇ ன்னு வந்தா எஸ்சிஆர் (யூரியா தெளிச்சு புகைய சுத்தம் பண்ற அமைப்பு) சரியா வேலை செய்யலன்னு அர்த்தம், ஆனா அதுக்கு காரணம் சென்சாரா, யூரியாவ தெளிக்கற டோசரா, யூரியாவேவான்னு அந்தக் கோடு சொல்லாது. டெஸ்ட் பண்ணாம சும்மா கோட அழிச்சு அனுப்பினா கொஞ்ச தூரத்துலயே லைட்டு திரும்ப எரியும், அப்புறம் பவர் கொறஞ்சு வண்டி நத்தை மாதிரி ஊரும்.

வாரண்டி ரிஜெக்ட் பண்ண அவங்க முதல்ல எடுக்கற ஆயுதம் டீசலும் யூரியாவும்தான். டேங்க்ல ஊத்தற யூரியா திரவங்கறது 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது எல்லாம் நீக்கின சுத்தமான தண்ணி, ரோட்டோரம் கேன்ல விக்கறதுல குழாத் தண்ணி கலந்திருந்தா டோசர் முனைல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி கட்டிக்கும். அத போட்டோ எடுத்து காமிச்சாங்கன்னா நம்ம வாய் அடைஞ்சிடும். கேன் பிராண்டு ஒண்ணே வச்சிக்கங்க, பில்ல வாட்ஸ்அப்ல போடச் சொல்லுங்க, டீசல் பில்லும் அப்படியே. ரிஃப்ராக்டோமீட்டர்னு சின்ன கருவி இருக்கு, ஒரு சொட்டு விட்டு பாத்தா எத்தனை சதவீதம்னு காட்டும், ஒர்க்‌ஷாப்லயும் இருக்கும், நம்ம கண் முன்னாடி டேங்க்ல இருந்து எடுத்து பாக்கச் சொல்லி ரீடிங்க ஜாப் கார்டுல ஏத்தச் சொல்லுங்க. அது சரியா வந்துட்டா யூரியா சதவீதம் சரியில்லன்னு அப்புறம் சொல்ல முடியாதுல்ல? அவங்க அடுத்து பாக்கறது சர்வீஸ் லேட்டா விட்டீங்களா, எக்ஸ்ட்ரா லைட், ஏர் ஹார்னுக்கு ஒயர வெட்டி ஒட்டிருக்கீங்களான்னு. ஒயர வெட்டிட்டு சென்சார் வாரண்டி கேட்டா எனக்கே சிரிப்பு வரும்.

ரிஜெக்ட்னு வாயால சொன்னா ஒத்துக்காதீங்க. காரணத்தோட மெயில்ல கேளுங்க. பாதி கேஸ்ல எழுதி கேட்டாலே பேச்சு மாறும், ஏன்னா வாரண்டி குடுக்கறது கம்பெனி, டீலர் க்ளைம் போட்டு வாங்கணும், க்ளைம் திரும்பி வந்தா தன் தலைல விழும்னு பயந்து அவரே முன்கூட்டி இல்லன்னு சொல்றதும் உண்டு. அப்ப சேசிஸ் நம்பர், ஜாப் கார்டு நம்பர்கள், கோடு போட்டோ எல்லாம் வச்சு கம்பெனி ஏரியா சர்வீஸ் மேனேஜருக்கு டீலர் காப்பில இருக்க ஒரே மெயில் போடுங்க. அட்வைசர்கிட்ட கத்துறது வேஸ்ட், அவருக்கு அப்ரூவல் பவரே கெடையாது, நாளைக்கு வண்டி வேலை பாக்கற பேல (bay) மொதல்ல ஏறணும்னாலும் அவர்தான் ஏத்தணும். பார்ட்ஸ் இல்லன்னு நிறுத்தி வச்சா விஓஆர் ஆர்டர் (வண்டி ஓடாம நிக்கும்போது போடற அவசர ஆர்டர்) போட்டாச்சா, ஆர்டர் தேதி என்னன்னு கேளுங்க. பொறுமை தாங்காம பார்ட்ட வெளில குடுத்து மட்டும் பிரிச்சிடாதீங்க, அதோட நம்ம கேஸ் காலி.

அதுக்கும் மசியலன்னா நுகர்வோர் கோர்ட்டு. 2019 சட்டப்படி வியாபாரத்துக்கு வாங்குன பொருளுக்கு அங்க போக முடியாது, ஆனா சொந்தமா தொழில் பண்ணி பொழைக்கறதுக்குன்னே வாங்குனது அந்தக் கணக்குல வராது. தானே ஓட்டுற ஒத்த வண்டிக்காரர் தாராளமா போகலாம். இருபது வண்டி வச்சிருக்க டிரான்ஸ்போர்ட்டுக்கு அது கஷ்டம், வக்கீல் நோட்டீஸ்தான் வழி. குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம், பிரச்சனை வந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், டீலர், கம்பெனி ரெண்டு பேரையும் சேக்கணும், இல்லன்னா ஒருத்தர் இன்னொருத்தர கை காட்டிட்டு போயிடுவாரு. அதுக்கு முன்னாடி நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணிடுங்க, காசு செலவில்ல.

வண்டி ரெடின்னு போன் வந்தா டிரைவர உடனே கையெழுத்து போட விடாதீங்க. காலி வண்டில யார்டுக்குள்ள ஒரு ரவுண்டு அடிச்சு காமிப்பாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. "லோடு ட்ரையலுக்கு உட்பட்டு" ன்னு எழுதி கையெழுத்து போடச் சொல்லுங்க, மாத்துன பார்ட் நம்பர் பில்லுல இருக்கான்னு பாருங்க, பில் தொகை ஜீரோவா இருந்தாலும் ஒரு காப்பி வாங்குங்க. டீசல் முள்ளு, ஸ்டெப்னி, பேட்டரி, தார்ப்பாய் எல்லாம் விட்ட அன்னைக்கு எடுத்த போட்டோவோட ஒத்து பாத்துட்டு கேட் பாஸ் வாங்கலாம்.