மெட்ரோ 2033: நாவலில் தொடங்கி விளையாட்டில் தொடர்வது எப்படி

அணு ஆயுதப் போருக்குப் பின் மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்களில் ஒதுங்கி வாழும் மக்களின் கதையை ரஷ்ய எழுத்தாளர் திமித்ரி குளுகோவ்ஸ்கி 2002-இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். 2005-இல் அது 'மெட்ரோ 2033' என்ற பெயரில் அச்சு நூலாயிற்று. இன்று அதே கதை மூன்று நாவல்களாகவும், உக்ரைன் தலைநகர் கீவில் தோன்றிய 4ஏ கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய மூன்று பெரிய வீடியோ கேம்களாகவும், ஒரு மெய்நிகர் விளையாட்டாகவும், பிற எழுத்தாளர்களின் துணை நாவல்களாகவும் விரிந்து கிடக்கிறது. புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது, எதை எதற்குப் பின் எடுத்துக்கொள்வது என்று குழம்புவது இயல்பு. கதையின் முடிச்சுகளை அவிழ்த்துவிடாமல் ஒரு வழியைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது முதல் நாவல்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ரஷ்ய மொழி அறியாதவர்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. வாசிக்கத் தொடங்கும்போதே மாஸ்கோ மெட்ரோவின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வரும் நிலையங்கள் உண்மையில் இருப்பவை. நாயகன் அர்தியோம் வளரும் வேதெயென்ஹா நிலையம் 1958-இல் திறக்கப்பட்டது, தரைக்குக் கீழே ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே அலெக்ஸியெவ்ஸ்கயா, ரீஷ்ஸ்கயா, பிரஸ்பெக்ட் மீரா என்று செல்லும் பாதையை விரலால் தொடர்ந்து பாருங்கள். இன்றைய பயணி சில நிமிடங்களில் கடந்துவிடும் இந்தத் தூரம், கதையில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதைப் போல எல்லைக் காவலும் கடவுச்சீட்டுச் சோதனையும் உயிராபத்தும் நிறைந்ததாக மாறிவிடுகிறது. வட்டப் பாதையின் நிலையங்களை ஹன்சா என்னும் வணிகர் கூட்டமைப்பு ஆள்கிறது. சிவப்புப் பாதையில் பொதுவுடைமைவாதிகள் ஆள்கிறார்கள். நகரின் மையத்தில் மூன்று நிலையங்களைப் பிடித்துக்கொண்டு நாஜிக்களின் வாரிசுகள் 'நான்காம் ரைக்' நடத்துகிறார்கள். லெனின் நூலகத்தை ஒட்டிய நான்கு நிலையங்கள் மட்டும் 'போலிஸ்' என்ற பெயரில் அறிவைக் காத்துவருகின்றன. வரைபடமில்லாமல் படித்தால் இவையெல்லாம் வெறும் பெயர்களாக நழுவிப் போகும். வரைபடத்தோடு படித்தால், சுரங்கத்தில் ஒரே ஓர் இணைப்பு அடைபட்டதும் அர்தியோமுக்கு ஏன் வழியே இல்லாமல் போகிறது என்பது கண்முன் தெரியும்.

இந்த நாவலைப் பொறுமையாகவே படிக்க வேண்டும். விளையாட்டின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்ப்பார்கள். நாவலில் அர்தியோம் அதிகம் சுடுவதில்லை, கேட்கிறான். ஒவ்வொரு நிலையத்திலும் யாரோ ஒருவர் நெருப்பருகே உட்கார்ந்து, உலகம் ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குத் தமக்கென ஒரு விளக்கம் சொல்கிறார். அடுத்த நிலையத்தில் அதற்கு நேர்மாறான விளக்கம் கிடைக்கிறது. இந்த உரையாடல்களைத் தாவிச் செல்லாதீர்கள். நாவலின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது, கடைசி அத்தியாயத்தின் கனமும் இவற்றிலிருந்துதான் வருகிறது.

நாவலை முடித்த பிறகே முதல் விளையாட்டுக்குச் செல்லுங்கள். அது 2010-இல் வெளிவந்தது. 2014-இல் 'ரிடக்ஸ்' என்ற பெயரில் மெருகேற்றப்பட்ட பதிப்பு வந்தது, இப்போது தொடங்குபவர்களுக்கு அதுவே போதும். இது வயது வந்தோருக்கான விளையாட்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். அமைப்புகளுக்குள் சென்று பேச்சொலியை ரஷ்ய மொழிக்கு மாற்றி, ஆங்கில எழுத்துகளைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையங்களின் சூழல் அதில்தான் சரியாக அமைகிறது. ஓரளவு பழகியதும் 'ரேஞ்சர்' என்னும் கடினமான முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரையோரக் குறியீடுகள் மறைந்துவிடும். நச்சுக்காற்றைத் தடுக்கும் முகமூடியின் வடிகட்டி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கையிலுள்ள கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்துத்தான் அறிய முடியும். டார்ச் விளக்கு மங்கினால் கையடக்க மின்னூட்டியை அழுத்தி அழுத்தி ஒளியேற்ற வேண்டும். முகமூடிக் கண்ணாடியில் ரத்தமோ சேறோ தெறித்தால் கையால் துடைக்க வேண்டும், அது விரிசல் விட்டால் வேறு முகமூடி தேட வேண்டும். நாவலில் குண்டுகளே பணம் என்று படித்திருப்பீர்கள். விளையாட்டில் போருக்கு முன் தயாரான தரமான தோட்டாக்களைத் துப்பாக்கியில் இட்டுச் சுடவும் செய்யலாம், கடைக்காரரிடம் கொடுத்துப் பொருள் வாங்கவும் செய்யலாம். ஆபத்து நெருங்கும்போது சேமிப்பையே சுட்டுத் தீர்க்கலாமா என்று தயங்கும் அந்த நொடியை எந்த எழுத்தாலும் தர முடியாது. ஒரே கதையை இரண்டு ஊடகங்களில் பின்தொடர்வதற்கான நியாயம் இதுதான்.

நிலையங்களுக்குள் நுழையும்போது ஓடாதீர்கள். ஓரமாக நின்று அங்கிருப்பவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பிச்சை கேட்கும் சிறுவனுக்கு ஒரு தோட்டா கொடுங்கள். இத்தகைய செயல்களை விளையாட்டு ரகசியமாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு எண்ணாக எங்கும் தெரியாது, ஆனால் கதைக்குள்ள இரண்டு முடிவுகளில் எதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

அடுத்தது 2013-இல் வந்த 'லாஸ்ட் லைட்' என்னும் விளையாட்டு. முதல் விளையாட்டில் நீங்கள் எந்த முடிவை எட்டியிருந்தாலும், இது நாவலின் முடிவோடு ஒத்துப்போகும் முடிவிலிருந்தே தொடர்கிறது. நாவலை முதலில் படிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இதில் 'தியேட்டர்' நிலையத்தில் ஒரு முதியவர் சுவரில் கைநிழலால் விலங்குகளைச் செய்துகாட்டுவார். சூரியனையே காணாமல் பிறந்த குழந்தைகள் தாங்கள் அறிந்த கொடூர மிருகங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சொல்வார்கள். தவறாமல் நின்று பாருங்கள்.

2009-இல் வெளியான 'மெட்ரோ 2034' நாவலைத் தவிர்க்க விரும்பினால் தவிர்க்கலாம். அது செவஸ்தோபோல்ஸ்கயா நிலையத்தை மையமாக வைத்து வேறு மாந்தர்களைப் பின்தொடர்கிறது. நடையில் அழகு உண்டு, ஆனால் அர்தியோமின் கதைக்கு அது இன்றியமையாததன்று. 2015-இல் வந்த 'மெட்ரோ 2035' அப்படியல்ல. மாஸ்கோவுக்கு வெளியே யாராவது உயிரோடிருக்கிறார்களா என்று வானொலியில் தேடித் தேடி ஏங்கும் அர்தியோமை அதில் காண்கிறோம். மூன்றிலும் அதுவே மிகக் கசப்பானது, மிக வெளிப்படையாக அரசியல் பேசுவது. மக்கள் ஏன் பொய்யை விரும்பி ஏற்கிறார்கள் என்ற அந்த நாவலின் கேள்வியை, உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்ததற்காக 2023-இல் மாஸ்கோ நீதிமன்றம் குளுகோவ்ஸ்கிக்கு அவர் இல்லாமலேயே எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்த செய்தியோடு சேர்த்தே இன்று வாசிக்க வேண்டியிருக்கிறது.

இதை முடித்த கையோடு 2019-இல் வந்த 'எக்ஸோடஸ்' விளையாட்டைத் தொடங்குங்கள். அது அந்த நாவலின் நிகழ்வுகளைத் தன் போக்கில் மாற்றி எடுத்துக்கொண்டு, 'அரோரா' என்னும் நீராவி ரயிலில் வோல்கா, காஸ்பியன், டைகாக் காடு என்று ஓராண்டுப் பயணமாகக் கிழக்கு நோக்கிச் செல்கிறது. நாவலுக்கும் விளையாட்டுக்கும் இடையே முரண்கள் தென்படும்; எது 'உண்மையான' கதை என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள். அர்தியோம் எதைத் தேடுகிறான் என்பது இரண்டிலும் ஒன்றுதான், அதை மட்டும் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது. ரயில் ஓடும்போது பெட்டிகளுக்குள் நடந்து, உடன்வருபவர்களோடு உட்கார்ந்து அவர்கள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். இருண்ட சுரங்கத்தில் இரண்டு விளையாட்டுகளைக் கழித்த பிறகு, அந்தச் சன்னல் வழியே வரும் வெயிலுக்கு வேறொரு மதிப்பு இருக்கும்.

எஞ்சியவை விருப்பத்தைப் பொறுத்தவை. 2024-இல் நெதர்லாந்தின் வெர்டிகோ கேம்ஸ் உருவாக்கிய 'அவேக்கனிங்', முதல் நாவலில் வரும் மறைஞானி கானின் முற்கதையைச் சொல்கிறது. அதற்கு மெய்நிகர் தலைக்கவசம் தேவை, கானை ஏற்கெனவே நாவலில் சந்தித்தவர்களுக்கே அது முழுதாகப் பிடிபடும். 2009 முதல் பிற எழுத்தாளர்கள் எழுதிவரும் துணை நாவல்கள் பீட்டர்ஸ்பர்க், இத்தாலி என்று வெவ்வேறு இடங்களுக்குப் போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் கிடைப்பதில்லை, தரமும் ஏறியிறங்கும். ஆகவே முழு வரிசையையும் சேகரிக்க முனையாமல், உங்களுக்குத் தெரிந்த மொழியில் எது கிடைக்கிறதோ அதில் இருபது பக்கம் படித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.