உல்லன் பூவுக்குக் கோணி ஊசி போதும்
பூ லூமில், அதாவது சுற்றிலும் முளைகள் உள்ள பூச் செய்யும் சிறு சட்டத்தில், உல்லன் நூலைச் சுற்றியதும், நடுவைத் தைக்கத் தனியாக மொண்ணை ஊசி வாங்க வேண்டாம். நம் நெல்லைப் பக்கம் வயல் உள்ள வீடுகளில் நெல் மூட்டை தைக்கும் கோணி ஊசி இருக்குமே, அது போதும். ஆனால் காதுப் பக்கத்தை முன்னால் விட்டுத் தையுங்கள். கூர்முனை நூலின் புரிகளைப் பிளந்து இதழைக் கோணலாக்கிவிடும்; மழுங்கலான காது இழைகளுக்கு இடையில் வழுக்கிக்கொண்டு போகும். தடித்த நூலையும் அதில் எளிதாகக் கோக்கலாம். கூர்முனை உள்ளங்கையைப் பார்த்து இருக்கும் என்பதால் அதில் ஓர் அழிரப்பரைக் குத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் செய்தால் இது கட்டாயம்.

சுற்று அதிகமாகி நடு இறுகிய பூவுக்கு இது சரிவராது, காது நுழையாது. அப்புறம், மீதி நூலைப் பின்பக்கம் மறைக்கும்போது கூர்முனையே முன்னால் போகட்டும். அங்கே புரிகளைக் குத்திப் போனால்தான் நூல் நழுவாது.